முகமில்லாத மணிகள்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் புதிதாக எழும்பும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே போனால், பூச்சு வேலை முடிவதற்கு முன்பே அவற்றுக்கு முகம் வந்துவிடுவது தெரியும். தளம் போட்ட கையோடு முன்பக்கத்தில் ஒரு திருஷ்டிப் பொம்மையைத் தொங்கவிட்டுவிடுகிறார்கள். சில வீட்டில் கடையில் வாங்கிய பூதமுகம். சில வீட்டில் வெள்ளைப் பூசணிக்காயில் கரியாலும் சுண்ணாம்பாலும் வரைந்த மீசைக்காரன். பல்லும் நாக்கும் வீட்டுக்கு வீடு மாறும். கண் மட்டும் மாறாது: வெள்ளை வட்டம், நடுவே கருப்புப் புள்ளி, இமை கிடையாது. கண்ணேற்றுக்கு எதிரே இமைக்காத கண்ணைத்தான் நிறுத்த வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே கண் ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் ஓரத்தில் கண்ணாடியில் வார்க்கப்பட்டிருக்கிறது. துனீசியாவிலுள்ள கார்த்தேஜ் நகரத்துக் கல்லறைகளில் கிடைத்த சிறிய தலைகள் அவை. பெரும்பாலானவை விரல் நுனி அளவுதான். அபூர்வமாகச் சில ஆறேழு சென்டிமீட்டர் வரை போகும். கருநீல முகம், மஞ்சள் முகம், பால்வெள்ளை முகம். தாடி சுருள் சுருளாக இருக்கும். உச்சந்தலையில் கயிறு கோக்க ஒரு வளையம். முகத்தில் கால்வாசியைக் கண்களே பிடித்துக்கொண்டிருக்கும். இவற்றைக் கழுத்தில் அணிந்தவர்கள் பினீசியர்கள், அதாவது இன்றைய லெபனான் கடற்கரையின் தீரு, சீதோன் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிப் போய்க் கார்த்தேஜை உருவாக்கிய வணிக மக்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த வழக்கம் நானூறு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. சார்தீனியா, இபிசா தீவுகளின் கல்லறைகளிலும் இந்தத் தலைகள் உண்டு. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால், சுவிட்சர்லாந்தின் சென் சுல்பீஸ் என்ற ஊரில் கெல்ட் இனத்தவரின் கல்லறை வரைக்கும் அவை போயிருக்கின்றன.

கண்ணாடி மணிக்குத் தமிழ்நாடு பேர்போன இடம். புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டின் மணி கொரியா வரைக்கும் போனது. கண்ணேறு பற்றிய பயத்திலும் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கண்ணாடி இருந்தது, கைத்திறன் இருந்தது, பயமும் இருந்தது. அப்படியிருந்தும் நம் மணிக்கு ஏன் முகம் முளைக்கவில்லை? இந்தக் கேள்வியை வெகுநாளாகச் சுமந்து வருகிறேன். இதற்குப் பாதி விடை உலைக்களத்தில் இருக்கிறது, மீதி விடை இந்த மாவட்டத்தின் நடுகற்களிடம் இருக்கிறது என்று இப்போது எண்ணுகிறேன்.

முதலில் உலைக்களம். பினீசியக் கைவினைஞர் ஒரு தலையை எப்படிச் செய்தார் என்பதை, அந்தத் தலைகளை நெருங்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு உலோகக் கம்பி. அதன் நுனியில் களிமண் கலந்த பூச்சு. கண்ணாடி கம்பியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. உருகிய கண்ணாடி நம் ஊர் வெல்லப்பாகு போலத்தான் நடந்துகொள்ளும்: சூட்டில் வழியும், கொஞ்சம் ஆறினால் இழுக்க வரும், இன்னும் ஆறினால் உடையும். அந்த இழுபதத்தில் கம்பி நுனியில் கண்ணாடியைச் சுற்றி ஓர் உருண்டை. அதன்மேல் ஒரு சொட்டு வைத்துக் கிள்ளினால் மூக்கு. ஒரு இழையை வளைத்து ஒட்டினால் புருவம். இன்னும் இரண்டு இழை, உதடு. வெள்ளைக் கண்ணாடியில் ஒரு பொட்டு, அதன் நடுவே கருநீலத்தில் சிறு பொட்டு, கண். தாடிதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. மெல்லிய இழையைச் சுருட்டிச் சுருட்டித் தாடைக்குக் கீழே வரிசையாக ஒட்ட வேண்டும். இவ்வளவு நேரமும் முகம் ஆறிவிடக் கூடாது, உருகியும் போகக் கூடாது. நெருப்புக்குள்ளும் வெளியிலுமாகக் கம்பியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் கம்பியை உருவினால் உள்ளே ஒரு பொந்து மிஞ்சும். அந்தப் பொந்தைச் சுற்றித்தான் முழு முகமும் பிறந்திருக்கிறது. ஒரு கம்பி, ஒரு முகம். அடுத்த முகத்துக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் இரண்டு தலைகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவருக்கு வலது கண் சற்று மேலேறியிருக்கும், இன்னொருவருக்குத் தாடி ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

நம் மணி பிறக்கும் விதம் வேறு. அதைப் பார்க்கப் பழைய காலத்துக்குப் போக வேண்டாம். திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுப்பேட்டை என்ற ஊரின் பட்டறைகளில் அந்தத் தொழிலை நம் காலத்திலேயே ஆய்வாளர்கள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அங்கே ‘லடா’ என்று ஒரு கருவி. உள்ளீடற்ற நீண்ட இரும்புக் குழல். அதன் தலையில் உருகிய கண்ணாடியை ஒரு பெரிய கூம்பாகத் திரட்டுவார்கள். குழலுக்குள் ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே துளை போடுவார்கள். கூம்பு உலையின் வெப்பத்திலேயே இருக்கும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் கைகாரர் அதன் முனையைப் பிடித்து இழுக்கத் தொடங்குவார். நூல் நூற்பதுபோல, நடுவில் துளையோடு ஒரு கண்ணாடிக் குழாய் வந்துகொண்டே இருக்கும். மணிக்கணக்கில் இழுப்பார். இழுக்கும் வேகத்தில்தான் குழாயின் பருமன் இருக்கிறது. வேகம் கூடினால் மெலியும், குறைந்தால் தடிக்கும். அளவுகோல் எதுவும் கிடையாது, கைதான் கணக்கு. வந்த குழாயை ஏறக்குறைய மீட்டர் நீளத்துக்கு ஒடித்து, பிறகு கட்டுக்கட்டாக வைத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுவார்கள். துண்டுகளின் விளிம்பு கூராக இருக்கும். அவற்றைச் சாம்பலோடு பிசறி மறுபடி சூடேற்றிக் கிளறினால் விளிம்பு மழுங்கி மணி உருளும். துளைக்குள் புகுந்த சாம்பல் அது அடைபடாமல் காக்கும்.

இங்கே ஒரே இழுப்பில் பிறந்த துளை பல்லாயிரம் மணிகளுக்குப் பொது. பினீசியத் துளை ஒரு முகத்துக்கு மட்டும் சொந்தம். மணியின் உருவத்தை ஊசித்துளை அளவே உள்ள இந்த வெற்றிடம்தான் முடிவு செய்தது. இழுத்த குழாயில் மூக்கு ஒட்ட முடியாது. ஒட்டினாலும் அடுத்த அடி இழுப்பில் அது கோடாகிப் போகும். நம் கைகாரரின் பெருமை ஒரே மாதிரி இருப்பதில் இருந்தது: ஒரே சிவப்பு, ஒரே பச்சை, ஒரே பருமன், சரம் சரமாக. ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். ஆப்பிரிக்கக் கடற்கரை முதல் கொரியா, ஜப்பான் வரை கிடைக்கும் இவற்றின் தொடக்க காலப் பட்டறைகளில் முதன்மையானது அரிக்கமேடு என்றும், அந்தத் திறமையின் கடைசி வாரிசு பாப்பாநாயுடுப்பேட்டை என்றும் அவர் வாதிட்டார்.

சரக்கிலும் வேற்றுமை உண்டு. பினீசியக் கண்ணாடிக்குக் கடற்கரை மணலும், எகிப்தின் வறண்ட ஏரிப் படுகைகளில் கிடைக்கும் நாட்ரான் என்ற உப்பும் அடிப்படை. பினீசிய மாலுமிகள் கடற்கரையில் சமைக்கும்போது, அடுப்புக்கல் கிடைக்காமல் நாட்ரான் கட்டிகளை வைத்து எரிக்க, மணல் உருகிக் கண்ணாடி ஓடியது என்று ரோமானிய அறிஞர் பிளினி ஒரு கதை சொல்கிறார். விறகடுப்புச் சூட்டில் அது நடக்காது. மேலும் மெசபடோமியாவில் அதற்கு முன்பே கண்ணாடி இருந்தது. தென்னிந்தியக் கண்ணாடியைச் சோதனைச்சாலையில் பகுத்தால் அலுமினா தூக்கலாக இருக்கும். காரணம் நம் மண். மழைக்குப் பின் நிலத்தின்மேல் வெள்ளையாகப் பூக்கும் உவர்ப்பும், அது கலந்த மணலும்தான் இந்த வகைக் கண்ணாடிக்கு மூலப்பொருள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. வண்ணார்கள் துணி வெளுக்க வாரிய அதே உவர்மண். அதே பிளினி, இந்தியாவில் பளிங்கை உடைத்துக் கண்ணாடி செய்கிறார்கள், அதனால் அதற்கு ஈடில்லை என்று பிறர் சொன்னதாகவும் எழுதி வைத்திருக்கிறார். அதே நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ்’, நம் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் வந்திறங்கிய பண்டங்களில் செப்பனிடாத கண்ணாடிக் கட்டியையும் பவளத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆக மேற்குக் கண்ணாடி நம்மவர் கைக்கு வராமல் இல்லை. வந்தும், இங்கே பெருகியது இழுத்த மணிதான்.

அரிக்கமேட்டை உலகுக்குக் காட்டியதே ஒரு முகம் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1930களில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய், அங்கே கிடைத்த ஒரு சிறிய அணிகல்லைப் பார்த்தார். அதில் செதுக்கியிருந்த தலை அகஸ்டஸ் பேரரசருடையது என்று அவர் கருதினார். 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானியத் தொடர்பு உறுதியாயிற்று. அங்கே குவிந்து கிடந்த மணிகளுக்கோ முகம் கிடையாது. திண்டுக்கல் மாவட்டத்துப் பொருந்தலில் 2009-10இல் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தபோது கிடைத்த ஆயிரக்கணக்கான மணிகளும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை என்று நிறமாகவே பேசுகின்றன.

தொழில்நுட்பம் மட்டுமே காரணமென்றால் ஒன்றிரண்டு பேராவது முயன்று பார்த்திருப்பார்கள். கம்பியில் கண்ணாடியைச் சுற்றும் வித்தை நமக்குத் தெரியாததும் அல்ல. வேண்டியிருந்தால் செய்திருப்போம். வேண்டியிருக்கவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. இதற்கு நான் தகடூர்ப் பக்கம் திரும்புகிறேன்.

தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமானஞ்சியின் ஊர். அவனைப் பற்றிய புறநானூற்றின் 100ஆம் பாட்டில் ஔவையார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். போர்க்களத்திலிருந்து வந்தவன் பிறந்த குழந்தையைப் பார்க்கிறான். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், தன் மகனைப் பார்க்கும்போதும் சிவப்பு மாறவில்லை. இதை வீரத்தின் பாட்டு என்று பள்ளியில் படித்தோம். எனக்கு இது பார்வையின் பாட்டாகவும் படுகிறது. பார்வை ஒரு பொருள்போலக் கண்ணில் தங்குகிறது, தகப்பனின் கண்ணிலும் தங்குகிறது, அதன் முன்னால் ஒரு பச்சைக் குழந்தை கிடக்கிறது. அந்தக் குழந்தைக்குக் காவல் வேண்டும் என்ற எண்ணம் சங்க காலத்தில் இருந்தது. காவலாகக் கட்டப்பட்டது தாலி. இளம் வயதில் களம் புகுந்த தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் 77ஆம் பாட்டு, அவன் இன்னும் தாலி கழற்றவில்லை என்கிறது. தாலி அப்போது பிள்ளைகளின் காப்பணி. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், கதை ஐந்தையும் சிறு உருவாக்கிக் கோத்த ஐம்படைத் தாலியை அடுத்து வந்த இலக்கியங்கள் பேசுகின்றன. மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புலிப்பல் தாலி. ஆக உடம்பின்மேல் நம்மவர் வைத்த காவல் ஆயுதமாகவோ பல்லாகவோ இருந்தது. இன்றும் இந்த மாவட்டத்தில் பிறந்த குழந்தையின் கையில் கட்டுவது கருகமணி, அதோடு ஒரு வசம்புத் துண்டு. பிறகு கன்னத்தில் ஒரு மைப்பொட்டு. குழந்தையின் முகத்துக்கே ஒரு சிறு குறை வைத்துவிடுகிறார்கள். இன்னொரு முகத்தைக் கொண்டுவந்து கழுத்தில் தொங்கவிடுவதில்லை.

முகம் எங்கே போனது? எல்லைக்குப் போனது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்தில் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் நிற்கும் நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஆநிரை மீட்கப் போய் மாண்டவன், ஊரைக் காக்க நின்றவன். வில்லும் குறுவாளும் ஏந்திய புடைப்புருவம். இந்த வட்டாரத்தில் வட்டெழுத்தில் பேர் பொறித்த பல்லவர் காலக் கற்களும் உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் இத்தகைய கற்கள் அணிவகுத்து நிற்கும். அவற்றில் பலவற்றின் முகம் தேய்ந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் பூசிய விரல்கள் தேய்த்த தேய்வும் அதில் உண்டு. வழிபாட்டிலிருக்கும் கற்களிடம் போய்ப் பார்த்தால், மூக்கும் வாயும் மழுங்கிப்போன கல்லில் வெள்ளியிலோ பித்தளையிலோ இரண்டு கண்மலர்களை ஒட்டியிருப்பார்கள். பளபளக்கும் வெள்ளைத் தகடு, நடுவில் கருப்பு. முகம் இல்லாவிட்டாலும் கண் இருந்தால் போதும் என்பது போல. கார்த்தேஜ் கைவினைஞர் வெள்ளைப் பொட்டின்மேல் நீலப் பொட்டு வைத்ததும், நம் ஊரில் பூசாரி மெழுகு தடவிக் கண்மலர் ஒட்டுவதும் கை செய்யும் ஒரே செயல். பினீசியர் கடலோடிகள், துறைமுகத்துக்குத் துறைமுகம் அந்நியர் பார்வையில் புழங்கியவர்கள். அவர்களுக்குக் காவல் கழுத்தோடு பயணம் செய்ய வேண்டியிருந்தது. நிலத்தில் வேர்பிடித்த ஊருக்குக் காவல் ஊர் வாசலில் நின்றால் போதும். இது என் ஊகம்தான். ஆனால் பென்னாகரம் சாலையில் வீடு வீடாகத் தொங்கும் பூதமுகங்கள் இதைத்தான் எனக்குச் சொல்கின்றன.

உடம்பில் முகம் அணியும் வழக்கம் நமக்கு வந்தது பொன்னின் வழியாக. ரோமானியத் தங்கக் காசுகளின் ஒரு பக்கம் பேரரசரின் முகம். அவை தமிழகத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் விசித்திரமானது, 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கறுக்காக்குறிச்சியில் வெளிப்பட்ட புதையல்: 501 தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றில் அரசன் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். பணமாக மறுபடி புழங்காதிருக்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம், தங்கம் மெய்யானதா என்று சோதித்தார்கள் என்பது இன்னொன்று. எதுவானாலும், அந்த முகத்துக்கு இங்கே மரியாதையும் இல்லை, பயமும் இல்லை, எடைதான் கணக்கு.

பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து வேறொரு பேரரசின் காசு வந்தது. இந்த முறை வெட்டாமல், வளையம் வைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டோம். விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலைகள் கொண்ட ‘சாவரின்’ காசு, காசுமாலையில் வரிசையாக ஏறியது. அதன் எடை ஏறக்குறைய 7.98 கிராம். எட்டு கிராமை இன்றும் நாம் ஒரு சவரன் என்கிறோம். தருமபுரிக் கடைவீதியில் பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று கேட்கும்போது, அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு ராணியின் முகம் கிடக்கிறது. பின்னாளில் காசுமாலையில் லட்சுமியின் முகம் வந்து உட்கார்ந்தது.

கண்ணாடியில் முகம் செய்யும் வித்தை பினீசியரோடு முடிந்துவிடவில்லை. ரோமானியர் காலத்தில் அது வேறு வழியில் திரும்பியது. பல நிறக் கண்ணாடிக் கோல்களை, குறுக்குவெட்டில் ஒரு முகம் தெரியும்படி அடுக்கி உருக்கி, நீளமாக இழுத்து, வில்லை வில்லையாக நறுக்கினார்கள். வெண்டைக்காயை எங்கே நறுக்கினாலும் அதே ஐந்து அறை தெரிவதுபோல, ஒவ்வொரு வில்லையிலும் அதே முகம். அந்த வில்லைகளை மணியின்மேல் பதித்தார்கள். தெற்குக் கொரியாவின் கியோங்ஜு நகரில் மிச்சு அரசர் கல்லறைப் பகுதியில் கிடைத்த நீல மணி ஒன்று இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறியது. அதில் வெள்ளை முகங்களும் பறவைகளும் இருக்கின்றன. சில்லா அரசின் 5, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மணி கிழக்கு ஜாவாவில் செய்யப்பட்டிருக்கலாம் என்று ஜேம்ஸ் லாங்க்டன் போன்ற ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இழுக்கும் கையும் முகம் செய்யும் கையும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியாது.

இந்த இரண்டு உலகங்களும் ஒரே மண்ணில் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லுக் பாட். அந்தப் பெயருக்கே மணி மேடு என்றுதான் பொருள். மழை பெய்து மண் கரைந்தால் அங்கே மணிகள் வெளியே வரும். நம் ஒற்றை நிற மணியின் உறவினர்கள் ஏராளம். அவற்றின் நடுவே, கதிர் விரிந்த முகம் பதித்த மணிகளும் வந்திருக்கின்றன. அவற்றை அந்த ஊர் மக்கள் சூரியதேவன் என்கிறார்கள். அதே மேட்டில் ஒரு சிறிய கல்லும் கிடைத்தது. பொற்கொல்லர் தங்கத்தை உரசிப் பார்க்கும் உரைகல். அதன்மேல் தமிழ்ப் பிராமியில், கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில், ‘பெரும்பதன் கல்’ என்று எழுதியிருக்கிறது. பெரும்பதன் என்ற தட்டாரின் கல். கடல் தாண்டிப் போய்த் தொழில் செய்தவர், தன் கருவி பிறர் கைக்குப் போய்விடக் கூடாதென்று பேர் எழுதி வைத்திருக்கிறார். அவர் பட்டறைக்குப் பக்கத்தில் யாரோ முகமணி விற்றிருக்க வேண்டும். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கவும் வேண்டும்.

தருமபுரிப் பேருந்து நிலையத்தில் நரிக்குறவப் பெண்கள் துணி விரித்துப் பாசி விற்பார்கள். குறடும் மெல்லிய கம்பியும் மடியில் இருக்கும். ஒரு மணியை எடுத்துக் கம்பியில் கோத்து, நுனியை வளைத்து, அடுத்த மணியோடு பூட்டுவதற்கு அவர்களுக்கு இரண்டு நொடி போதும். பேரம் பேசும்போதும் கை நிற்காது. சென்ற முறை போனபோது குழந்தைக்குக் கட்ட என்று கருகமணி கேட்டேன். அந்த அம்மா டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். துளை நேராக இருந்தது, வழியெங்கும் ஒரே அளவு. இழுத்த குழாயில் பிறந்த மணி. “அது எல்லாம் ஒண்ணுதான் சாமி, எதை எடுத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்” என்றார் அவர்.